மெக்கன்சி யார் வீட்டுப் பிள்ளை?

ராஜபாளையம் பக்கத்துச் செட்டியார்பட்டிக்காரரே, உங்கள் ஊர்ப் பெயரில் சாதி இருக்கிறது. உங்கள் பெயரில் இல்லை. சாதிப் பட்டத்தை விடச் சொல்லி 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு போட்ட தீர்மானத்துக்கும் அதில் பங்குண்டு.

இப்போது பிள்ளை வெளிநாடு போகிறான். படிவத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம். உடனே தாத்தாவின் பட்டத்தைத் தூசி தட்டுவானேன்?

நம் ஓலைச்சுவடிகளைச் சேகரித்த காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்துக்காரர். 'மெக்' என்றால் மகன். கென்னத் மகன், மெக்கன்சி. அயர்லாந்து 'ஓ' என்றால் பேரன். பிரையன் பேரன், ஓ பிரையன். அட, நம்ம இனிஷியல்தான் சார் இது! என்ன, அவர்கள் சுமப்பது எந்தக் காலத்துப் பாட்டன் பெயரையோ. நாம் சொந்த அப்பாவை.

கூச்சப்படாமல் அப்பா பேரையே எழுதுங்கள். அம்மா பேர் என்றால் இன்னும் சந்தோஷம்.