மொறிஸ் மைனருக்கு பவர் ஷட்டர் போடலாமா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடினால் இந்த விவாதம் வராமல் போகாது. மொறிஸ் மைனருக்கு பவர் ஷட்டர் போடலாமா, கூடாதா? ஒரு சாரார் "காரைக் கெடுக்கிறீங்க" என்கிறார்கள். மற்றவர்கள் "எங்கட கார், எங்கட விருப்பம்" என்கிறார்கள். இரண்டு பதிலும் நமக்குப் போதாது.

1948இல் அறிமுகமான கார் இது. அலெக் இசிகோனிஸ் இதைச் சாதாரணக் குடும்பங்கள் ஓடுவதற்காகவே வடிவமைத்தார். இங்கும் அப்படித்தான் ஓடியது. காலியில் இதன் பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பியிருக்கிறார்கள். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய காரின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. ஓடுகிற காரில் ஏறுகிறவர்களின் வசதியைப் பார்ப்பதில் தப்பே இல்லை.

ஆனால் முதலில் ஒன்றைக் கேட்போம். கைப்பிடி ஏன் கனக்கிறது? பெரும்பாலும் கண்ணாடி ஓடும் பீடிங் காய்ந்து இறுகியிருக்கும். உள்ளே இருக்கும் பல்லுச் சக்கரம் கிறீஸ் கண்டு பல வருடமாகியிருக்கும். பீடிங்கை மாற்றி, கிறீஸ் வைத்தாலே பல கார்களில் சின்னப் பிள்ளையும் கண்ணாடியை இறக்கிவிடும். இதைச் செய்யாமல் மோட்டர் பூட்டினால் அது திணறும், கூடுதல் மின்சாரம் இழுக்கும், சீக்கிரம் எரியும்.

அதையெல்லாம் செய்த பிறகும் மணிக்கட்டு நோவினால் கைப்பிடியைச் சுற்ற முடியாத ஒரு உம்மம்மா அந்தக் காரில் போக வேண்டியிருந்தால்? தாராளமாகப் போடுங்கள். "ஒரிஜினல் போய்விடும்" என்று சொல்லி அவரை வியர்க்க வைப்பதில் என்ன பெருமை?

போடுவதென்றால் முறையாகப் போட வேண்டும். இந்தக் காரின் பழைய லூக்காஸ் டைனமோ அதிகபட்சம் 22 அம்பியர் அளவில்தான் தரும். என்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது அதுவும் கிடைக்காது. இரவில் மழைக்குள் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓட, இரண்டு கண்ணாடியையும் ஒன்றாக ஏற்றினால் பாரம் முழுக்க பற்றரியில்தான் விழும். ஆகவே தனி பியூஸ், ரிலே, தடித்த வயர் கட்டாயம். கதவு திறந்து மூடும் இடத்தில் வயர் ரப்பர் குழாய்க்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் தகரம் உரசி ஷோர்ட் ஆகும்.

இன்னொன்று. மாற்றம் செய்யாத மொறிஸ் மைனரில் பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். இந்தக் காலத்து வாகனங்களில் மைனஸ். வெறும் மோட்டர் இரண்டு பக்கமும் சுற்றும். ரிமோட் மாதிரி இலக்ட்ரோனிக் பெட்டிகளை அப்படியே இணைத்தால் எரிந்துவிடும். வேலையைத் தொடங்க முன் கராஜ் பாஸிடம் இதைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளோடு வேலை செய்கிற நமக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மலிவான செட்களில் கை தட்டுப்பட்டால் கண்ணாடி நின்று திரும்பி இறங்கும் வசதி இருப்பதில்லை. சீட்டில் முழங்கால் ஊன்றித் தலையை வெளியே நீட்டும் பிள்ளை, சுவிட்சை மிதித்துவிட்டால் கழுத்து மாட்டும். அமெரிக்காவில் இந்த ஆபத்துக்காகவே, இழுத்தால் மட்டும் கண்ணாடி மேலேறும் சுவிட்சைக் கட்டாயமாக்கினார்கள். அந்த மாதிரி சுவிட்சைக் கேட்டு வாங்குங்கள். சாவியை எடுத்தவுடன் மின்சாரம் நிற்க வேண்டும். பின் கதவுகளுக்குக் கைப்பிடியே போதும்.

கடைசியாக, கழற்றிய கைப்பிடியையும் உள் பாகங்களையும் துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியில் வையுங்கள். கதவுத் தகரத்தை வெட்ட விடாதீர்கள். நாளைக்கு அந்தக் கார் கைக்கு வரும் பிள்ளை, விரும்பினால் ஒரு நாளில் பழையபடி மாற்றிக்கொள்ளும் வழி இருக்க வேண்டும்.

தேவைக்காகப் போடுவதை ஆதரிக்கிறோம். ஷோவுக்காகப் போடுவதென்றால் அந்தக் காசுக்கு முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.