1943இல்தான் பிறந்ததாம்!

அமெரிக்க இசை நாடகத்தின் வரலாறு எண்டு எங்களுக்குச் சொல்லித் தாறது பெரும்பாலும் ஒரே கதைதான். 1943இல் ரிச்சர்ட் ரொட்ஜர்ஸும் ஒஸ்கார் ஹமர்ஸ்ரைனும் 'ஒக்லஹோமா!' போட்டினம், பாட்டும் நடனமும் கதையும் ஒன்றாகி நவீன மியூசிக்கல் பிறந்திட்டுது. அதுக்கு முதல் இருந்ததெல்லாம் சும்மா பகிடியும் ஆட்டமும்.

வடிவான கதை. ஆனா இது ஆருக்கு வசதியான கதை?

1903இல் 'இன் டஹோமி' பிரோட்வே மேடைக்கு வந்திட்டுது. இசை வில் மரியன் குக், பாடல்களில் கவிஞர் போல் லோரன்ஸ் டன்பாரின் பங்கு. எழுதினது, இசையமைச்சது, நடிச்சது எல்லாம் கறுப்பினக் கலைஞர்கள். அதில் நடிச்ச பேர்ட் வில்லியம்ஸ் தானே கறுப்பினத்தவர். அப்பிடியிருந்தும் முகத்தில கரி பூசித்தான் மேடையேறினார். வெள்ளையர்கள் கரி பூசிக் கறுப்பினத்தவரை நக்கலடிச்ச 'மின்ஸ்ட்ரல்' ஆட்டங்கள் 1840களில் இருந்து சனத்தை அப்பிடிப் பழக்கி வைச்சிருந்தது.

1921இல் யூபி பிளேக் இசையமைச்சு, நோபிள் சிசல் பாடல்கள் எழுதின 'ஷஃபிள் அலோங்' 500 தடவைக்கு மேல் மேடையேறியது. அதில ஒரு கறுப்பினச் சோடி பகிடியில்லாமல், உண்மையான காதலோட பாடியது. அந்தக் காலத்தில அதுவே பெரிய துணிச்சல். 1927இல் 'ஷோ போட்' இனம் கடந்த திருமணத்தைச் சட்டம் தண்டிக்கிற அநியாயத்தையே கதையாக்கியது. அந்த நாடகத்திலயும் குயீனி எண்ட கறுப்பினப் பெண்ணாக நடிச்சது, கரி பூசின வெள்ளை நடிகை டெஸ் கார்டெல்லா.

சரி, 'ஒக்லஹோமா!' நடக்கிற இடம் எது? சொந்த மண்ணில இருந்து துரத்தப்பட்ட பூர்வகுடிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றின 'இந்தியன் பிரதேசம்'. மூல நாடகத்தை எழுதின லின் ரிக்ஸும் செரோக்கி வழி வந்தவர். மியூசிக்கலில் ஒரு பூர்வகுடிப் பாத்திரமாவது இருக்கோ? இல்லை. இதைத்தான் 'ஒருங்கிணைந்த' மியூசிக்கல் எண்டு கொண்டாடுகினம். பாட்டும் கதையும் ஒருங்கிணைஞ்சது உண்மை. ஆக்கள்?

"கலையை மட்டும் பாருங்கோ, அரசியலைக் கலக்காதேங்கோ" எண்டு சிலர் வருவினம். கலையைத்தான் பாக்கிறம். அக்னெஸ் டி மில் அமைச்ச நடனம் அருமையானது, அதை ஆரும் மறுக்கேல்லை. 'பாட்டு கதையை நகர்த்தோணும்' எண்ட அளவுகோலும் பிழையில்லை. ஆனா அந்த ஒரு அளவுகோலை மட்டும் வைச்சு அளந்தா, பிரோட்வேக்கு றக்டைமையும் ஜாஸையும் கொண்டுவந்தவை எப்பவும் 'முன்னோடி'யாகத்தான் இருப்பினம், 'தொடக்கம்' ஆகமாட்டினம். முன்னோடிக்கு அடிக்குறிப்பு, தொடக்கத்துக்கு அத்தியாயம்.

தொடக்கம் எது எண்டு குறிக்கிற ஆள்தான், ஆர் வீட்டுக்காரர், ஆர் விருந்தாளி எண்டும் தீர்மானிக்கிறார். இது வெறும் ஆண்டுக்கணக்குச் சண்டையில்லை.

அடுத்த தடவை ஆராவது 1943 எண்டு தொடங்கினா, கையை உயர்த்தி 1903 எண்டு சொல்லுங்கோ.