சிறிய ஊரில் ஐந்து நாட்கள்

விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் குடும்பங்களில் பெரியதொரு விவாதம் எழுகிறது. முன்காலத்தில் இந்த விவாதம், "தாத்தா வீட்டுக்கா, மாமா வீட்டுக்கா?" என்ற அளவில் முடிந்துவிடும். இப்போதோ பூகோளம் முழுவதும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. காலேஜில் படிக்கும் பிள்ளை கைப்பேசியில் ஒரு தீவின் படத்தைக் காட்டுகிறான். நீலக் கடல், கரையில் ஒரு தென்னை, தென்னையின் அடியில் ஒரு சாய்வு நாற்காலி. "கரிபியன் கடலில் இருக்கிறது, அப்பா!" என்கிறான். வீட்டுத் தலைவர் படத்தைப் பார்க்கிறார். அதன் கீழே போட்டிருக்கும் தொகையையும் பார்க்கிறார். "தென்னையும் சாய்வு நாற்காலியும் நம் கொல்லையிலேயே இருக்கின்றனவே!" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்.

வீட்டுத் தலைவர் கட்சியில் நியாயம் இருக்கிறது. ஆயினும் பிள்ளையின் கட்சியையும் கேளாமல் தீர்ப்புச் சொல்வது முறையன்று.

கரிபியன் கடலில் சேபா என்று ஒரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. நெதர்லாந்து தேசத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. மொத்தப் பரப்பு 13 சதுர கிலோமீட்டர்தான். ஜனத்தொகை ஏறக்குறைய 2,000. கடலுக்குள்ளிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் ஒரு மலை, அதன் சரிவுகளில் நாலு கிராமங்கள், அவ்வளவே தீவு. இங்கே சாலை போடவே முடியாது என்று வெளிநாட்டு எஞ்சினீயர்கள் கைவிரித்துவிட்டார்களாம். ஹாஸெல் என்னும் உள்ளூர்க்காரர் ஒருவர் தபால் மூலமாகவே சாலை போடும் வித்தையைக் கற்றுக்கொண்டு, ஊராரைக் கூட்டி 1938-ல் வேலையைத் தொடங்கினார். இருபது வருஷங்களில் சாலை முடிந்தது. 1963-ல் திறந்த விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 400 மீட்டர் நீளமே உள்ளது. பெரிய விமானம் ஒன்றும் அங்கே இறங்க முடியாது.

இப்படிப்பட்ட இடத்தை ஜனங்கள் ஏன் தேடிப் போகிறார்கள்? அங்கே சொல்லிக்கொள்ளும்படியான மணற்பாங்கான கடற்கரை கூடக் கிடையாது. எனினும், இடம் சிறியதாயிருப்பதே அதன் பெரிய சௌகரியம். இரண்டு நாளில் ஊர் அடங்கிவிடும். மூன்றாம் நாள், கடைக்காரர் முகம் பழகிவிடும். "இன்னும் பத்து இடம் பாக்கி இருக்கிறது" என்று கையில் ஜாபிதாவை வைத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. மேலும் அத்தீவினர் 1987-ல் சுற்றியுள்ள கடலையே காப்பிடமாக்கிவிட்டனர். அங்கு முழுகிப் பார்க்க வருகிறவர்கள் அதன் பராமரிப்புக்கென்று கட்டணம் செலுத்த வேண்டும். வீட்டுக்காரர் நிபந்தனைக்கு விருந்தாளி கட்டுப்படுகிறார். பிள்ளை காட்டிய படத்தில் இந்த நிபந்தனை தெரியாது. ஆனால் அதுதான் அந்த இடத்தை இன்னும் இடமாக வைத்திருக்கிறது.

ஆக, பிள்ளை விரும்புவது கடலையன்று; சிறிய இடம், சாவகாசமான நாட்கள், இயற்கையின் அருகாமை ஆகிய மூன்றையுமே என்று வைத்துக்கொள்வோம். இம்மூன்றுக்காகவும் பல விமானங்கள் மாறி உலகத்தின் மறுபக்கம் போகத்தான் வேண்டுமா? விருதுநகர் ஜில்லாவின் மேற்குக் கோடிக்குப் போய்ப் பார்க்கலாம் என்பது நமது யோசனை.

ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் ஏறக்குறைய ஏழு மைல் இடைவெளியில் இருக்கும் இரட்டை ஊர்கள். மேற்கே நீலமும் பச்சையுமாக மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. மலையடியில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும். சென்னையிலிருந்து செங்கோட்டை செல்லும் பொதிகை விரைவு வண்டி இரண்டு ஊர்களிலும் நிற்கிறது. இரண்டுக்கும் இடையே பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஒரே இடத்தில் அறை எடுத்துக்கொண்டு ஐந்து நாள் தங்கலாம். பெட்டியை ஒரு முறை திறந்து ஒரு முறை மூடினால் போதும்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அநேகர் தவறுகிறார்கள். கோடையில் மலையருவியைத் தேடிப் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். வைகாசி வெயிலைப் பொறுத்துக்கொண்டால் ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் கிடைக்கும் என்பது வாஸ்தவமே. ஆனால் மாம்பழத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால், பள்ளிக்கூடங்களின் அரையாண்டு விடுமுறையே உசிதமான காலம். அப்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கொண்டிருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும், மாதமோ மார்கழி. ஆண்டாள் பிறந்த ஊரில் மார்கழி விடியற்காலையைக் காண்பதற்கு எந்தத் தீவையும் ஈடாகச் சொல்ல முடியாது. மார்கழி நீராட்ட உற்சவத்துக்குக் கூட்டம் வருமாதலால் தங்குமிடத்தை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

முதல் இரண்டு நாட்களை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே விட்டுவிடலாம். வடபத்ரசாயி சந்நிதியின் பதினொரு நிலைக் கோபுரம் ஏறக்குறைய 190 அடி உயரம். தமிழக அரசின் முத்திரையில் விளங்கும் கோபுரம் இதுவே என்று ஊரார் பெருமையுடன் சொல்வார்கள். பெரியாழ்வாரும் அவர் திருமகளும் வாழ்ந்த ஊர் இது. ஆண்டாளின் கையிலுள்ள கிளியைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். இலைகளாலும் பூக்களாலும் அது தினந்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. மாதுளம்பூ அதற்கு மூக்கு. இந்த ஊரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை திருப்பதிப் பிரம்மோற்சவத்துக்கும் மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கும் போகிறது. பெரிய ஊர்களிலிருந்து சிறிய ஊர்களுக்குச் சாமான்கள் வருவதையே கண்டு பழகிய நமக்கு, சிறிய ஊரிலிருந்து பெரிய க்ஷேத்திரங்களுக்கு மாலை போவது புதுமையாகத் தோன்றும்.

பால்கோவாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகர்கள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். பாலும் சர்க்கரையும் அன்றி மூன்றாவது பொருள் அதற்குத் தேவையில்லை. கிளறுகிறவரின் கையும், அடுப்பின் நிதானமுந்தான் ருசி. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் கிண்டியதை இந்த ஊர்ப் பெயரில் விற்கக் கூடாது என்பது அதன் பொருள். ஊருக்குத் திரும்பும் தினத்தன்று வாங்குங்கள். முதல் நாளே வாங்கினால் திரும்பும்போது மறுபடியும் வாங்க நேரிடும்.

மூன்றாம் நாள் மலையடிக்குப் போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு இருக்கிறது. மேலே காட்டழகர் கோயில். இந்தக் காடு நரைநிற மலை அணிலின் வீடு. அது நம் வீட்டுக் கூரையில் ஓடும் அணில் ஜாதியன்று. வாலோடு சேர்த்து இரண்டடி நீளம் வரும். தரையில் அரிதாகவே இறங்கும். மரத்துக்கு மரம் கிளை வழியாகவே பிரயாணம் செய்யும். ஆகையால் கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டு நிற்கும் காடு இருந்தால்தான் அதற்கு வழி உண்டு. நடுவிலே பத்து மரங்களை வெட்டினால் நமக்கு அது சிறு வெளி. அணிலுக்கோ பாலம் உடைந்த ஆறு. 1988-ல் இங்கே இதற்கென்று சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் மேகமலைக் காட்டுடன் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. வைகைக்கு நீர் சேர்க்கும் மலைகளும் அதற்குள் அடங்கும்.

எனவே, எந்த நாளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வனத்துறையினரிடம் முன்னரே கேட்டறிவது அவசியம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று காவலரிடம் வாதாடுவது அழகன்று. இதே மலைத்தொடரிலுள்ள சதுரகிரியில் 2015-ஆம் வருஷம் மே மாதத்தில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் பக்தர்களின் உயிரைக் கொண்டு போயிற்று. மலையுச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. "இன்று வேண்டாம்" என்று காட்டுக்காரர் சொன்னால் அன்று வேண்டாம்தான்.

நான்காம் நாள் ராஜபாளையம். 1949-ல் சென்னை மாகாணப் பிரதமராகவும், 1950 ஜனவரி 26 முதல் முதலமைச்சராகவும் இருந்த குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். பதவியிலிருந்து இறங்குகிறவர்கள் வீட்டோடு திரும்புவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். வீட்டைக் கொடுத்துவிட்டவரின் ஊரைக் குழந்தைகள் பார்க்கட்டும். 1936-ல் இங்கே தொடங்கிய நூற்பாலை இந்த வறண்ட சீமையின் தலையெழுத்தையே மாற்றியது. அருகேயுள்ள சத்திரப்பட்டியில் நெய்யும் துணி புண்ணுக்குக் கட்டும் துணி. எந்தெந்த ஆஸ்பத்திரியில் யாருடைய காயத்தையோ அது மூடிக்கொண்டிருக்கிறது.

வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் நாயைக் கண்டதும் பிள்ளைகள் குட்டி வேண்டுமென்று அடம் பிடிப்பார்கள். 2005-ல் தபால் தலையில் இடம்பெற்ற ஜாதி அது. ஆனால் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த நாய். ஓடுவதற்கு இடம் வேண்டும். மூன்றாம் மாடி வீட்டில் இருப்பவர்கள் தபால் தலையோடு திருப்தி அடைவது நலம்.

ஐந்தாம் நாள் நீர்காத்த ஐயனார் கோயிலுக்குப் போகலாம். ஊருக்கு மேற்கே மலையடியில், ஓடைக்கரையில் இருக்கிறது. அந்தச் சாமியின் பெயரை ஒரு முறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கும் இந்தத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குப் போய் ராஜபாளையம் நகரின் குடிநீராகிறது. நாம் எண்ணெயும் சோப்பும் தேய்த்துக் குளித்து, சாப்பிட்ட பொட்டலத்தை ஓடையில் விட்டுவிட்டு வந்தால், அது யாரோ ஒரு தாய் குழந்தைக்குக் காய்ச்சும் தண்ணீருக்குள் போகிறது. ஐயனார் காத்த நீரை விருந்தாளி கெடுத்துவிட்டு வரலாமா? கால் நனைத்து வாருங்கள்; முழுக அனுமதித்தால் முழுகுங்கள்; ஆனால் கொண்டுபோன காகிதமும் பிளாஸ்டிக்கும் உங்களோடு திரும்பட்டும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். விடுமுறை என்று எல்லோரும் புறப்படுகிறோம். வீட்டு அம்மாள் மட்டும் ஸ்டவ்வையும் புளியோதரையையும் சுமந்துகொண்டு வருகிறாள். இடம் மாறிய அடுப்பங்கரைக்கு விடுமுறை என்று பெயர் சொல்லலாகாது. அந்த ஐந்து நாளும் ஊரிலுள்ள சாப்பாட்டுக் கடைகளில் உண்போம். ஊராருக்கும் நாலு காசு கிடைக்கும். அம்மாளும் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்க நேரம் பெறுவாள்.

ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய உழைப்பின்மேல் நிற்கிறது என்பதைக் கரிபியன் தீவுகளே நமக்குச் சொல்லித் தந்திருக்கின்றன. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848-ல் அடிமைத்தனம் ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853-ல் மார்த்தினீக் தீவுக்கும், 1854-ல் குவாதலூப் தீவுக்கும் இந்தியக் கூலிகளின் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. பின் வந்த ஆண்டுகளில் மார்த்தினீக்குக்குச் சுமார் 25,000 பேரும், குவாதலூப்புக்கு 40,000-க்கு மேற்பட்டோரும் போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏறிய தமிழர் அவர்களில் மிகப் பலர். அவர்கள் சாய்வு நாற்காலியில் உட்காரப் போனவர்கள் அல்லர். பாஷையை இழந்தும், மாரியம்மனையும் மதுரைவீரனையும் அவர்கள் சந்ததியார் விடவில்லை. பெயர்கள் பிரெஞ்சு வாயில் திரிந்துபோயினும் பூசை நடக்கிறது. மஞ்சளும் மல்லியும் அரைத்துச் சேர்த்த மசாலாவும் 'கொலொம்போ' என்ற பெயரோடு அத்தீவுகளின் பொதுச் சமையலாகிவிட்டது.

ஆகவே, வசதி உள்ளவர்கள் கரிபியனுக்குப் போவதை நாம் தடுக்கவில்லை. முதலில் ஒரு மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் ஐந்து நாள் நல்ல விருந்தாளியாக இருந்து பழகிவிட்டுப் போகட்டும். போனால், கடற்கரையில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு, குவாதலூப்பிலோ மார்த்தினீக்கிலோ ஓர் அம்மன் கோயில் வாசலில் சற்று நிற்கட்டும். அங்கே கிடைக்கும் குழம்பின் மணம் எப்படி அந்தக் கரைக்கு வந்ததென்று பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.