நிரலை அளக்கலாம், ஆளை அளக்கக் கூடாது
மென்பொருள் தர அளவீடு பற்றிச் சங்கத்தின் நிலைப்பாடு

1982-இல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினிக் குழுவில் ஒரு படிவம் சுற்றுக்கு வந்தது. அந்த வாரம் எத்தனை வரி நிரல் எழுதினீர்கள் என்று ஒவ்வொருவரும் நிரப்ப வேண்டும். பில் அட்கின்சன் அப்போதுதான் வரைகலை நிரலின் ஒரு பகுதியை மாற்றி எழுதி முடித்திருந்தார். வேகம் ஏறக்குறைய ஆறு மடங்கு கூடியது. நிரலோ சுமார் 2,000 வரி சுருங்கியது. ‘-2000’ என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் மேலாளர்கள் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்தப் படிவத்தின் மனப்போக்கு சாகவில்லை. வரிகளின் இடத்தில் இன்று முடித்துவைத்த பிழைப் புகார்களும் டெஸ்ட் கவரேஜ் சதவீதமும் உட்கார்ந்திருக்கின்றன. இவற்றைத் தனிமனிதரின் அப்ரைசலில் சேர்ப்பதைச் சங்கம் எதிர்க்கிறது. பிழைக்கு மதிப்பெண் என்றால் ஒரே பிழை மூன்று புகாராகப் பிரியும். கவரேஜ் 80 சதவீதம் கட்டாயம் என்றால், நிரலை ஓட்டிவிட்டு விடை சரியா என்று பார்க்காத சோதனைகள் முளைக்கும்.

அளவீடே வேண்டாம் என்பதல்ல வாதம். நிரல் எத்தனை கிளைவழிகளாகப் பிரிகிறது என்பதைக் கணக்கிட, தாமஸ் மெக்கேப் 1976-இல் முன்வைத்த சிக்கல் எண் 10-ஐத் தாண்டினால், அந்தப் பகுதியை இன்னொருவர் படித்துப் பார்ப்பது நல்லது. அதற்கு மேல் அந்த எண்ணிடம் எதிர்பார்ப்பது பேராசை. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகுமுன் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடைக்க முயன்ற நிரல்தான் காரணம். அதே நிரல் ஏரியான் 4-இல் சிக்கலின்றிப் பறந்தது. வரிக்கணக்கோ சிக்கல் எண்ணோ இந்தக் கோளாறைக் காட்டியிருக்காது. புதிய ராக்கெட்டின் பறப்புப் பாதையை வைத்துச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். (அளவீட்டை உயர்த்திப் பிடித்து 1982-இல் நூல் எழுதிய டாம் டிமார்கோவே 2009-இல் தம் கருத்தை மறுபரிசீலனை செய்தார்.)

வெளியீட்டுக்குப் பின் எத்தனை மாற்றங்கள் பழுதாயின, பழுதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது என்பவற்றை அளக்கலாம்; அதுவும் குழுவுக்கு மட்டும். ஐஎஸ்ஓ 25010 தரநிலை நம்பகம், பாதுகாப்பு, பராமரிப்பு எளிமை என்று தரத்தைப் பல பண்புகளாகப் பிரித்தே பார்க்கிறது. மென்பொருள் வாங்குவோரும் ஒப்பந்தத்தில் ஒற்றைத் தர மதிப்பெண் கேட்பதை நிறுத்திவிட்டு, தமக்கு எந்தப் பண்பு முக்கியம், அதை எந்தச் சோதனையால் உறுதிசெய்வது என்று எழுதிக் கேட்க வேண்டும்.