24 மணி நேரம் மணக்கும் பொய்

காலை 8 மணிக்கு ஒரு தடவை. 11 மணி இடைவேளையில் ஒரு தடவை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. சாயங்காலம் பஸ் ஏறும் முன் கடைசியாக ஒரு தடவை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக்கூட இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடாத கல்லூரி ஜனம், சென்ட் பாட்டிலுக்கு மட்டும் வேளை தவறுவதில்லை. பையைத் திறந்தால் கணக்கியல் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, பாட்டில் இருக்கும்.

ஏன் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "காலைல அடிச்சது போயிடுச்சுப்பா."

போகவில்லை. பெரும்பாலும் ஓய்ந்துபோனது மூக்குதான்!

மூக்கு ஒரு வினோதமான நிருபர். புதுச் செய்தி என்றால் ஓடிவந்து சொல்லும். அதே செய்தி திரும்பத் திரும்ப வந்தால் சில நிமிடங்களிலேயே சலித்துப்போய் வாயை மூடிக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குச் சாம்பார் தாளித்த வாசம் தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர் "இன்னிக்கு வெங்காய சாம்பாரா?" என்று சரியாகக் கேட்பார். ஹாஸ்டல் அறையின் மணம் அதில் தங்கியிருப்பவர்களுக்குத் தெரியாது. பார்க்க வரும் அப்பாவின் முகத்தில் தெரியும்.

சென்ட்டும் அப்படித்தான். அடித்தவர் மூக்கு பழகிவிடுகிறது, பக்கத்தில் புதிதாக வந்து உட்காருகிறவர் மூக்கு பழகுவதில்லை. போதாததற்கு, மஸ்க் எனப்படும் கஸ்தூரி வகைச் செயற்கை வாசனைகளில் சிலவற்றைச் சிலருடைய மூக்கு கண்டுகொள்வதே இல்லை. அப்படிப்பட்டவர் 'இது நிக்கவே மாட்டேங்குது' என்று அடுக்கிக்கொண்டே போவார். பக்கத்து சீட்காரர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஆக, மறுபடி அடிக்கலாமா என்று கேட்கக் கூடாத ஒரே நபர் அடித்தவர்தான். வெளியிலிருந்து அப்போதுதான் வந்த நண்பரிடம் கேட்டால் ஒரே நொடியில் உண்மை தெரிந்துவிடும். காசு செலவில்லாத இந்தச் சோதனையை எந்த விளம்பரமும் சொல்லித் தராது. ஏன் சொல்லித் தரவேண்டும்? பாட்டில் சீக்கிரம் காலியானால் யாருக்கு லாபம்?

ஒரு சின்னக் கணக்கு. பம்ப் பாட்டிலை ஒரு தடவை அழுத்தினால் சுமார் 0.1 மில்லி வெளியே வரும். பேச்சுக்கு 50 மில்லி பாட்டில் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் மட்டும் 3 அழுத்து என்றால் ஒரு நாளைக்கு 0.3 மில்லி. வருஷத்தில் 200 நாள் கல்லூரி என்றால் 60 மில்லி, 720 ரூபாய். அதே 3 அழுத்தை நாலு வேளையும் போட்டால் 240 மில்லி, 2,880 ரூபாய். வித்தியாசம் 2,160 ரூபாய். மூக்கு ஏமாந்ததற்கு வருஷா வருஷம் கட்டும் அபராதம் இது. பெரும்பாலும் அப்பா அம்மா காசில்.

சரி, நிஜமாகவே எதுவும் போவதில்லையா? போகும். எது போகும் என்பதில்தான் அடுத்த ஏமாற்று இருக்கிறது.

ஒரு சென்ட் என்பது ஒரே வாசனை இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி லேசான பொருட்கள் முதல் கால் மணி, அரை மணியில் பறந்துவிடும். ரோஜா, மல்லிகை வகையறா சில மணி நேரம் தாக்குப் பிடிக்கும். சந்தனம், வெண்ணிலா, மஸ்க் மாதிரி கனமான பொருட்கள்தான் கடைசிவரை தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கடையில் அட்டைத் துண்டில் அடித்து முகர்ந்து பார்க்கும்போது மயக்குவது முதல் ரகம். ஆனால் அது ஓடிப்போகும் ரகம். அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் காசு கொடுக்கப்படுகிறது, அந்தக் கால் மணி நேரத்தைத் திரும்பப் பிடிக்கத்தான் மறுபடி மறுபடி அடிக்கப்படுகிறது. கீழே கனமான வாசனை அடுக்கடுக்காய்ச் சேர்ந்துகொண்டே போகிறது.

லேசான வாசனை ஓடிப்போவது அதன் குணம், குற்றம் இல்லை. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரினா கம்பெனி 1709இல் ஆரம்பித்தது. அங்கே பிறந்த ஓடிகோலோன் அப்போதைக்கப்போது தெளித்துப் புத்துணர்ச்சி பெறுவதற்கான சரக்கு. நாள் முழுக்க நிற்க அல்ல. காய்ச்சல் என்றால் தண்ணீரில் ரெண்டு சொட்டு விட்டு நெற்றியில் துணி போட்ட பழைய தலைமுறைக்கு அது தெரியும். சீக்கிரம் ஆவியாகிச் சில்லென்று இருப்பதுதான் அதன் வேலையே. எலுமிச்சை வாசனையும் வேண்டும், சாயங்காலம் வரை அப்படியே புதுசாகவும் இருக்க வேண்டும் என்பது ஐஸ்கிரீம் உருகக்கூடாது என்று அடம் பிடிப்பது போல.

மல்லிகைச் சரம் மட்டும் எப்படி ராத்திரி முழுக்க மணக்கிறது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மல்லிகை மொட்டு பறித்த பிறகும் உயிரோடு இருக்கிறது, சாயங்காலம் விரிந்து தொடர்ந்து வாசனையைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. பிரான்ஸின் கிராஸ் நகரத்தில் ஒரு காலத்தில் மல்லிகையைக் கொழுப்பின்மேல் பரப்பி வைத்து வாசனையை உறிஞ்சவிட்டதும் இந்தக் குணத்தை நம்பித்தான். வணிகவியல் பாஷையில் சொன்னால், பூ ஒரு தொழிற்சாலை. பாட்டில் வெறும் கையிருப்பு. கையிருப்பு குறையத்தான் செய்யும். தோலில் விழுந்த சரக்கு காலையில் இருந்த மாதிரியே சாயங்காலமும் இருக்கும் என்று எந்த அட்டை சொன்னாலும் அது புளுகு.

48 மணி நேரம் என்று டியோடரண்ட் கேன்களில் இருக்கிறதே? அது பெரும்பாலும் வியர்வையை அல்லது வியர்வை நாற்றத்தை அடக்கும் நேரத்தைப் பற்றிய பேச்சு. வாசனை 48 மணி நேரம் நிற்கும் என்பதல்ல. இந்த ரெண்டையும் வாங்குகிறவர் குழப்பிக்கொண்டால் விற்கிறவர் திருத்தப்போவதில்லை.

இப்போது முக்கியமான விஷயம். நேர்மையாக ஒப்பிட்டு வாங்கலாம் என்று ஒரு மாணவர் நினைத்தாலும் முடியுமா?

இந்தியாவில் பாக்கெட் பொருட்களின் மேல் மொத்த விலை மட்டுமில்லாமல், மில்லிக்கு எவ்வளவு என்ற விலையும் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. சமையல் எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் உதவும். சென்ட்டுக்கு? ஒரு மில்லி எது என்பதுதான் கேள்வி. பாட்டிலுக்குள் இருப்பதில் பெரும்பகுதி ஆல்கஹால். மிச்சம்தான் வாசனை எண்ணெய். கொலோன் என்றால் 2 முதல் 5 சதவீதம், ஓ டி டாய்லெட் என்றால் 5 முதல் 15, ஓ டி பர்ஃபம் என்றால் 15 முதல் 20 என்பது வியாபார வழக்கம். வழக்கம்தான், அட்டையில் கையெழுத்துப் போட்ட வாக்குறுதி இல்லை. பொருட்கள் பட்டியலைப் பார்த்தால் 'பெர்ஃப்யூம்' என்றோ 'ஃப்ராக்ரன்ஸ்' என்றோ ஒரே வார்த்தையோடு கதை முடிந்துவிடும். எத்தனை சதவீதம்? மூச்!

இதன் விளைவு என்ன? மறுபடி ஒரு பேச்சுக் கணக்கு. ஒன்று 100 மில்லி, 400 ரூபாய், 5 சதவீத எண்ணெய். இன்னொன்று 50 மில்லி, 600 ரூபாய், 20 சதவீத எண்ணெய். அட்டைப்படி முதல் பாட்டில் மில்லிக்கு 4 ரூபாய், ரெண்டாவது 12 ரூபாய். கண்ணை மூடிக்கொண்டு முதல் பாட்டிலை எடுக்கத் தோன்றும். ஆனால் முதல் பாட்டிலில் இருக்கும் எண்ணெய் 5 மில்லிதான், மில்லிக்கு 80 ரூபாய். ரெண்டாவதில் 10 மில்லி, மில்லிக்கு 60 ரூபாய். மலிவு என்று வாங்கியது விலை அதிகம்! எண்ணெயின் தரம் வேறுபடும், அதிகச் செறிவு இருந்தாலும் எலுமிச்சை ஓடத்தான் செய்யும், எல்லாம் சரி. ஆனால் எண்ணிக்கையே கையில் இல்லாதவர் இந்தக் கணக்கை ஆரம்பிக்கவே முடியாதே?

'இதெல்லாம் யாருக்கு வேணும், வாசனை நல்லா இருந்தா போதும்' என்று சிலர் சொல்லலாம். 2011இல் ஃபாக் சந்தைக்கு வந்தபோது என்ன நடந்தது? மற்ற கேன்களில் பாதி கேஸ்தான், இதில் கேஸ் இல்லை, எல்லாம் திரவம், இத்தனை தடவை அடிக்கலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். கவர்ச்சி விளம்பரங்களே ராஜ்ஜியம் நடத்திய சந்தையில் இந்த ஒரு கணக்கைச் சொல்லி முன்னணிக்கு வந்தார்கள். ஜனங்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதில் அக்கறை உண்டு, சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கும் பாதியில் நின்றுவிட்டது. கேஸ் இல்லை, சரி. அந்தத் திரவத்தில் வாசனை எவ்வளவு?

அத்தருக்குப் போனால் தப்பிக்கலாம் என்று ஒரு கோஷ்டி சொல்லும். கன்னோஜில் செப்புப் பாத்திரத்தில் பூவைக் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவார்கள். சந்தனம் மெதுவாக ஆவியாகும், பூவின் வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அற்புதமான வேலை. ஆனால் சந்தன எண்ணெய் விற்கும் விலையில் 100 ரூபாய்க் குப்பியில் அது இருக்காது. மலிவான அத்தரில் பாரஃபின் எண்ணெய் மாதிரி வேறு ஏதாவதுதான் அடித்தளம். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்.

நீடிக்க வழியே இல்லையா? இருக்கிறது. பெரும்பாலும் காசில்லாத வழிகள்.

1. குளித்து, நன்றாகத் துடைத்து, உலர்ந்த பிறகு அடிப்பது. வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது, தோலில் உள்ள பாக்டீரியா அதை உடைக்கும்போதுதான் நாறுகிறது. அதன்மேல் சென்ட் அடித்தால் நாற்றம் போகாது, நாற்றமும் சென்ட்டும் சேர்ந்த மூன்றாவது ஒன்று பிறக்கும்.

2. அடிக்கும் இடத்தில் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ வாசலினோ லேசாகத் தடவுவது. வறண்ட தோலைவிட எண்ணெய்ப் பசையுள்ள தோலில் வாசனை மெதுவாக ஆவியாகும்.

3. மணிக்கட்டுகளை வைத்துத் தேய்க்காமல் இருப்பது. மூலக்கூறு உடையும் என்பதெல்லாம் கதை. சூடேறி லேசான வாசனை சீக்கிரம் பறக்கும், அவ்வளவுதான்.

4. பருத்திச் சட்டையின் உள்பக்கம் ஒரு அழுத்து. துணி தோலைவிட அதிக நேரம் பிடித்து வைக்கும். பட்டிலும் வெள்ளையிலும் கறை படியலாம், ஜாக்கிரதை.

5. பாட்டிலை வெயிலில் வைக்காமல் இருப்பது. சூடும் வெளிச்சமும் வாசனையைக் கெடுக்கும். கேஸ் கேன் என்றால் 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அதிலேயே அச்சடித்திருக்கும். மே மாத வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டிக்குள் அதைப் போட்டு வைப்பது தைரியம் இல்லை, முட்டாள்தனம்.

6. மதியம் நிஜமாகவே தேவைப்பட்டால், முதலில் தண்ணீர். முகம், கழுத்து, அக்குள் கழுவித் துடைத்து, முடிந்தால் பனியனை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதற்கு மேலும் ஆசை இருந்தால் ரோல்-ஆனில் ஒரே ஒரு தொடல். வகுப்பறைக்கு வெளியே.

'அவனவன் உடம்பு, அவனவன் காசு, யாருக்கென்ன?' என்பது கடைசி வாதம். காசு அவனவனுடையதுதான், காற்று அப்படியில்லை. ஜன்னல் மூடிய ஏசி பஸ்ஸிலும், 60 பேர் உட்கார்ந்திருக்கும் தேர்வு அறையிலும் ஒருவர் அடிப்பதை எல்லோரும் சுவாசிக்கிறார்கள். ஆஸ்துமா இருப்பவருக்கு அது இழுப்பைக் கிளப்பலாம். ஒற்றைத் தலைவலிக்காரருக்கு அந்த நாளே போச்சு. அவர்கள் வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்கள். "உன் சென்ட் தாங்கல" என்று வகுப்புத் தோழனிடம் சொல்வது அவ்வளவு சுலபமா என்ன?

இன்னொரு அநியாயமும் இதில் ஒளிந்திருக்கிறது. ரெண்டு பஸ் மாறி, ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடந்து வகுப்புக்கு வருகிற பையனிடம் வியர்வை வாசம் இருக்கும். அது குற்றம் இல்லை, வெயில். அவனை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் மூன்றாவது பாட்டில் விற்கப்படுகிறது. அவனுக்குத் தேவை கல்லூரியில் தண்ணீர் வரும் ஒரு குழாய், தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிவறை. அதற்கு எந்த நட்சத்திரமும் விளம்பரத்தில் நடிப்பதில்லை.

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. விலை போடுகிற அதே அட்டையில், அதே எழுத்து அளவில், வாசனை எண்ணெய் இத்தனை சதவீதம் என்று ஒரு எண். பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை எத்தனை கிராம் என்று போட முடிகிறது. 600 ரூபாய் பாட்டிலில் அதற்கு இடமில்லையா? தொழில் ரகசியம் என்பார்கள். எந்தப் பூ, எந்த வேர், எந்த விகிதம் என்பது ரகசியமாகவே இருக்கட்டும். மொத்தத்தில் எவ்வளவு என்பது ரகசியம் இல்லை, அளவு. அளவைச் சொல்லாமல் விற்றால் காய்கறிக் கடைக்காரரைக்கூட யாரும் விடுவதில்லை.

அந்த எண் அச்சாகும் வரைக்கும் காலையில் மூன்று அழுத்து போதும். 11 மணிக்குக் கை பைக்குள் போகும்போது, பக்கத்தில் இருப்பவரை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகட்டும்.