விளையாட்டு அலைவரிசையும் நம் மொழியும்

சென்ற விடுமுறையில் ஊர் சென்றிருந்தபோது எம் பாட்டியார் தொலைக்காட்சியின் முன்னமர்ந்து கபடி ஆட்டமொன்றைக் கண்டுகொண்டிருந்தார். ஒலியையோ அறவே அடக்கிவிட்டிருந்தார். காரணம் வினவினோம். "அவன் இந்தியிலே கத்துகிறான், எனக்கு எதற்கு? பாடிப் போகிறவன் யார், பிடிக்கிறவன் யார் என்று கண்ணுக்குத் தெரிகிறதே" என்றார். அவர்தம் வீட்டுக் கூரைமீதிருப்பது மாதக் கட்டணமில்லாத ஃப்ரீ டிஷ். அதில் வந்துகொண்டிருந்தது தூர்தர்ஷனின் விளையாட்டு அலைவரிசை. அம்மறுமொழியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

தூர்தர்ஷன் தில்லியில் தோன்றியது 1959-ஆம் ஆண்டு. சென்னை நிலையம் 1975-இல் எழுந்தது. 1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டுக்கள் நிகழ்ந்த ஆண்டே வண்ண ஒளிபரப்பும் நாட்டிற்கு வந்தது. ஆயினும் விளையாட்டிற்கெனத் தனி அலைவரிசை 1998-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற்றான் பிறந்தது. அதுவும் இடையிற் சில ஆண்டுகள் கட்டணம் செலுத்தியோர்க்கே காட்சி தந்தது. பொதுப்பணத்தால் நடப்பதைப் பொதுமக்களே மீண்டும் விலைகொடுத்துக் காணவேண்டுமென்று எண்ணியவர் யாவரோ அறியோம்! 2003-இல் அப்பூட்டு நீங்கிற்று.

இவ்வலைவரிசையின் வலிமை நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் பெற்றதாகும். 1993-ஆம் ஆண்டு ஹீரோ கோப்பைக் கிரிக்கெட்டுப் பந்தயங்களை ஒளிபரப்பும் உரிமை வங்காளக் கிரிக்கெட்டுச் சங்கத்தாரால் வெளிநாட்டு நிறுவனமொன்றிற்கு அளிக்கப்பட, அதனின்று எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வானலைகள் பொதுமக்களின் உடைமை. அவற்றை அரசினர் தாமே முற்றும் ஆளவும் ஒண்ணாது, தனியார்க்கு விட்டுவிடவும் ஒண்ணாது என்பது 1995-இல் வந்த தீர்ப்பின் சாரம். பின்னர் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டிற்கு இன்றியமையாத பந்தயங்களின் ஒளிபரப்புரிமை பெற்றோர் அக்காட்சியைப் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டுமென விதித்தது. விளம்பர வருவாயில் நூற்றுக்கு 75 பங்கிற்குக் குறையாது உரிமையாளரைச் சாரும். அவ்வாறு பெற்ற காட்சியைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிள்காரர் வழியே அனுப்பலாகாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஆகவே இவ்வேற்பாட்டின் முழுப்பயனும் எம் பாட்டியாரை ஒத்தவர்க்கே உரியது. அத்தகையோர் காணும் அலைவரிசையின் குரல் பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமுமாக இருப்பது முறையாகுமா?

'நாடு முழுமைக்கும் ஒரே அலைவரிசை. மொழிதோறும் வருணனையாளரை அமர்த்தப் பொருள் ஏது?' என்று சிலர் வினவுவர். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று, பொருட்குறை மெய்யே. எனினும், சேப்பாக்கத்து ஆட்டங்களை வானொலி தமிழில் வருணித்த காலம் உண்டு. அப்துல் ஜப்பார் முதலியோரின் குரலைக் கேட்டே ஆட்டத்தை அகக்கண்ணாற் கண்டோம் என்பர் எம் பெற்றோர். கண்ணுக்குக் காட்சியின்றியே வானொலி செய்ததைக் காட்சியும் உடன்வரத் தொலைக்காட்சி செய்தல் அரிதோ? தனியார் நிறுவனமொன்று 2017-இலேயே தமிழுக்கென விளையாட்டு அலைவரிசை தொடங்கிவிட்டது. வணிகர் ஊதியமின்றி ஒன்றில் இறங்குவாரல்லர்.

தூர்தர்ஷனாலும் இஃது இயலும் என்பதற்கு அதன் செயலே சான்று. 2023-இல் இந்திய அணியினர் மேற்கிந்தியத் தீவுகளிற் சென்று ஆடியபோது, விளையாட்டு அலைவரிசையோடு நில்லாது, அந்நாளிற் பொதிகை எனப்பட்ட சென்னை அலைவரிசையும் பிற மாநில அலைவரிசைகள் சிலவும் அவ்வம்மொழியில் ஆட்டங்களை ஒளிபரப்பின. நாம் மகிழ்ந்தோம், உடனே வருந்தவும் செய்தோம். கடல்கடந்த கிரிக்கெட்டிற்குக் கிடைத்த தமிழ், நம் களத்துக் கபடிக்கு என்று கிடைக்கும்? பொதிகை தமிழ் அலைவரிசையாகப் புதுப்பெயர் பெற்றது 2024 சனவரி 19-ஆம் நாள், சென்னையில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுக்களின் தொடக்க விழாவிலாகும். சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதும் அவ்விளையாட்டுக்களிலே. இவ்விரண்டும் ஒருங்கே நேர்ந்தமை நம் எண்ணத்திற்கு நல்ல துணை.

கிரிக்கெட்டை விலைக்கு வாங்கப் பலர் உளர். மாநிலத் தடகளப் போட்டியையும் பள்ளிச் சிறுமியரின் கோகோவையும் வாங்குவார் எவருமிலர். பொது அலைவரிசைக்கு உரிய களம் அதுவே. தில்லி அலைவரிசை வாரத்திற்கு இரண்டு மணி நேரமேனும் மாநில நிலையங்களுக்கு விடுக. அந்நிலையங்கள் தத்தம் மொழியில் நிரப்புக. சொற்பஞ்சம் உண்டென அஞ்சவேண்டுவதில்லை. 'ரெய்டு' என்பதற்கு நாம் அகராதி புரட்டிக்கொண்டிருக்க, பாட்டியார் 'பாடிப் போகிறவன்' என்றாரே! வருணனைக்கு ஆள் வேண்டின், இக்கல்லூரித் தமிழ் வகுப்பிலேயே குரல்வளமும் பந்தய வெறியும் ஒருங்கே வாய்ந்தார் நால்வரைக் காட்டுவோம். (அவர்தம் தேர்வு மதிப்பெண்களை மட்டும் வினவற்க.)

சென்னை நிலையத்தார்க்கு இப்பொருள்பற்றி விண்ணப்பமொன்று வரைந்துள்ளோம். கையொப்பமிட விழைவோர் தமிழ்த்துறை அறையில் அதனைக் காணலாம்.