திருச்சபையும் இளைஞர் வேண்டும் மெய்ம்மையும்

இளைஞர் கோயிலுக்கு வருவதில்லை என்ற புலம்பல் இன்று யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் ஒலிக்கின்றது. நோயின் காரணத்தை ஆராயுமுன்னரே மருந்தும் ஆயத்தமாகிவிடுகின்றது. கிற்றார், மேளத்தொகுதி, வண்ண விளக்கு, பாடல்வரிகளைக் காட்டும் திரை ஆகியன வந்துசேர்கின்றன. சில வாரங்கள் கூட்டம் கூடுகின்றது. பின்னர் வாங்குகள் பழையபடி வெறுமையாகின்றன. இளைஞர் களிப்பை நாடியே கோயிலுக்கு வருவர் என்ற எடுகோள் பிழையானது என்பதை ஒப்புக்கொள்ள எவரும் முன்வருவதில்லை. களிப்புக்கு அவர்களுக்கு வேறு இடங்கள் உண்டு. அவர்கள் கோயிலில் தேடுவது மெய்ம்மையை. அதாவது, பீடத்தில் சொல்லப்படுவது வீதியில் வாழப்படுவதை.

வழிபாட்டின் வடிவம் மாறலாகாது என்பது என் வாதமன்று. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிகோலியதாலேயே, இலத்தீனில் நிகழ்ந்த திருப்பலி எமது மொழியில் ஒலிக்கலாயிற்று. அது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயின், விளங்காத மொழியில் மறைந்துகிடந்த ஒரு முரண்பாடு விளங்கும் மொழி வந்ததும் வெளிப்பட்டது. ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் ஒரே உடலாகின்றனர் என்பதை இப்போது சிறுபிள்ளையும் விளங்கிக்கொள்கின்றது. அது உண்மைதானா என்ற வினாவும் அதனுடனேயே பிறக்கின்றது.

அம்முரண்பாட்டின் பெயர் சாதி. நற்கருணைக்கு ஒரே வரிசையில் நிற்போர், பிள்ளைகளுக்கு மணம் பேசுகையில் வெவ்வேறு வரிசைகளில் நிற்கின்றனர். கிறிஸ்தவர் என்ற சொல்லுக்கு அருகே சாதிப்பெயரையும் இட்டு மணமகன் தேவை என விளம்பரம் செய்வதில் எமக்குக் கூச்சமில்லை. நான் அறிந்த ஊரொன்றில், கூப்பிடு தொலைவில், ஒரே பங்கைச் சேர்ந்த இரு கோயில்கள் உள்ளன. இளைஞர் ஒன்றியக் கூட்டமொன்றில் இதற்குக் காரணம் யாதென மாணவி ஒருத்தி வினவினாள். ஒற்றுமையைக் குலைக்கும் கேள்விகள் வேண்டாம் என்றார் பெரியவர் ஒருவர். உடனே பாடல் தொடங்கியது. அன்று கிற்றார் நன்றாகவே வாசிக்கப்பட்டது. அம்மாணவி மீண்டும் வரவில்லை. உலகம் அவளை இழுத்துச் சென்றுவிட்டது என்கின்றார்கள். அவளை அனுப்பிவைத்தவர் யார்?

குறையற்ற சபை எங்கே உண்டு எனச் சிலர் கேட்கக்கூடும். குறையற்ற சபையை நாம் கேட்கவில்லை. குறையை ஒப்புக்கொள்ளும் சபையையே கேட்கின்றோம். திருப்பலியின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் மார்பில் தட்டித் தம் பாவத்தை அறிக்கையிடுகின்றனர். தனிமனிதர் செய்வதைப் பங்கு பங்காக நின்று செய்யலாகாதா?

இத்தகைய மெய்ம்மை எமது மண்ணுக்குப் புதியதன்று. 1985 ஜனவரியில் வங்காலையில் கொல்லப்பட்ட மேரி பஸ்ரியன் அடிகளாரும், 2006 ஓகஸ்ட்டில் அல்லைப்பிட்டியில் காணாமற்போன ஜிம் பிறவுண் அடிகளாரும், 2009 மே மாதத்தில் சரணடைந்த மக்களோடு சென்று திரும்பாத பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் மக்களைக் கைவிட்டு அகலவில்லை. அவர்களை நேரிற் கண்டறியாத எமது தலைமுறையும் அவர்களின் பெயரைக் கேட்டதும் தலைதாழ்த்துகின்றது. அவர்களிடத்தில் சொல்லும் செயலும் ஒன்றாயிருந்தன என்பதே அதற்குக் காரணம். ஆனால் அவர்களின் தியாகத்தை எமது பொய்ம்மைக்குப் போர்வையாக்க எமக்கு உரிமையில்லை.

குற்றம் எம் பக்கத்திலும் உண்டு. விவாத மேடையில் சாதியைச் சாடிவிட்டு, தமக்குக் கல்யாணப் பேச்சு வந்ததும் அம்மா அப்பாவின் விருப்பம் என ஒதுங்கிக்கொள்ளும் பட்டதாரிகளை நாம் நன்கறிவோம். மெய்ம்மையை மற்றவரிடம் மாத்திரம் கேட்பதும் பொய்ம்மையே.

ஆகவே, பங்குச் சபையில் இளைஞருக்குக் கதிரை அடுக்கும் பணியோடு முடிவெடுக்கும் உரிமையும் வழங்கப்படவேண்டும். மறையுரையிற் சாதியைப் பெயர் சொல்லிக் கண்டிக்கவேண்டும். வரும் பெருவிழாவில் அவ்விரு கோயில்களின் மக்களும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவேண்டும். இவை நிகழுமாயின், கிற்றார் இல்லாவிடினும் நாம் வருவோம். கேள்வி கேட்டுச் சென்ற அம்மாணவியையும் அழைத்து வருவோம்.